குணமா, கவர்ச்சியா, கொள்கையா?

சென்ற ஆண்டு நம் கல்லூரித் தமிழ் மன்றத்தின் சார்பில் ஒரு பட்டிமன்றம் நடந்தது. குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பதில் முதலிடம் பெற வேண்டியது குணமா, கவர்ச்சியா, கொள்கையா என்பது தலைப்பு. நான் குணத்தின் அணியில் பேசினேன். பேசினேன் என்பதைவிடப் பொழிந்து தள்ளினேன் என்பதே பொருந்தும். இராமேசுவரத்தில் படகுக்காரரின் மகனாகப் பிறந்து, சிறுவயதில் செய்தித்தாள் விநியோகித்துப் படித்து, நாட்டின் முதல் குடிமகனாக உயர்ந்த அப்துல் கலாம் அவர்களின் எளிமையை எடுத்துச் சொல்லச் சொல்ல, அவையில் கையொலி அடங்கவே இல்லை. நடுவரும் எங்கள் அணிக்கே வெற்றி என்று தீர்ப்பளித்தார்.

மேடையிலிருந்து இறங்கியதும் வரலாற்றுத் துறைப் பேராசிரியர் ஒருவர் என்னை அருகில் அழைத்தார். “நன்றாகப் பேசினாய், தம்பி. 2005 மே மாதம் மாஸ்கோவில் அவர் போட்ட கையெழுத்தைப் பற்றி மட்டும் ஏன் ஒன்றும் சொல்லவில்லை?” என்று கேட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. “தெரியாது, ஐயா” என்றேன். “தெரிந்துகொண்டு வந்து சொல்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இயற்பியல் படிக்கும் எனக்கு இந்த வினா எளிதாக இல்லை. நூலகத்தில் பல மாலைகள் போயின. அவருக்கு நான் சொல்ல வேண்டிய விடையைத்தான் இங்கே எழுதுகிறேன். பட்டிமன்றத்தில் நான் பேசியது தவறென்று சொல்ல வரவில்லை. குணம் என்று எதைச் சொல்கிறோம் என்பது தெரியாமல் பேசிவிட்டேன், அவ்வளவுதான்.

முதலில் அந்தப் பதவி எத்தகையது என்று பார்ப்போம். நம் குடியரசுத் தலைவர் அமெரிக்க அதிபரைப் போன்றவர் அல்லர். அமெரிக்கர் தம் அதிபரைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய வரிக் கொள்கை, போர்க் கொள்கை எல்லாவற்றையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கின்றனர். இலங்கையிலும் அதிபரிடம் பேரளவு அதிகாரம் இருக்கிறது. இங்கோ அமைச்சரவையின் அறிவுரைப்படியே குடியரசுத் தலைவர் நடக்க வேண்டும். 1976இல் வந்த 42ஆவது திருத்தம் இதை ஐயத்துக்கு இடமின்றி எழுதி வைத்தது. 1978இல் வந்த 44ஆவது திருத்தம் ஒரு சிறு சாளரத்தைத் திறந்துவிட்டது. அமைச்சரவையின் பரிந்துரையை மறுபடி எண்ணிப் பாருங்கள் என்று ஒருமுறை அவர் திருப்பி அனுப்பலாம். மறுபடியும் அதே பரிந்துரை வந்தால் ஏற்றே ஆகவேண்டும். ஆகவே அவர் கையில் இருப்பது ஒரு பேனாவும், அதை ஒருமுறை கீழே வைக்கும் உரிமையும்தான். கொள்கை அணியில் பேசிய நண்பர்கள் வருந்த வேண்டாம். சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கையில் கொள்கையே முதலில் நிற்க வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. இந்த ஒரு நாற்காலிக்கு மட்டும் அதை மூன்றாம் இடத்தில் வைக்கிறேன்.

குடியரசுத் தலைவரை நாமா தேர்ந்தெடுக்கிறோம், நமக்கேன் இந்தக் கவலை என்று கேட்பவர்களும் உண்டு. நேரே நாம் தேர்ந்தெடுப்பதில்லை என்பது உண்மையே. ஆனால் நாம் அனுப்பும் சட்டமன்ற உறுப்பினருக்கு அந்தத் தேர்தலில் வாக்கு உண்டு. தமிழ்நாட்டு உறுப்பினர் ஒருவரின் வாக்கு மதிப்பு 176. 1971ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்கள் தொகை 4,11,99,168. அதை 234 தொகுதிகளால் வகுத்து, வந்ததை மீண்டும் ஆயிரத்தால் வகுத்தால் 176 கிடைக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் இதே மதிப்பு 208. நெய்வேலி என்ற பெயரில் தனித் தொகுதி 2011 தேர்தலில்தான் வந்தது. அன்று முதல் நம் ஊர்ப் பெயராலும் 176 வாக்குகள் அந்தப் பெட்டியில் விழுகின்றன. இந்தத் தேர்தலில் கட்சிக் கொறடாவின் ஆணை செல்லாது என்பதும், வாக்கு இரகசியமானது என்பதும் நம்மில் பலர் அறியாதவை. தேர்தல் ஆணையம் தரும் ஊதா மையுள்ள பேனாவை எடுத்துக்கொண்டு மறைவிடத்துக்குள் போகும் நம் உறுப்பினர், அந்த ஒரு நிமிடம் எந்தத் தலைவருக்கும் கட்டுப்பட்டவர் அல்லர்.

அந்த நிமிடத்தின் வலிமையை நாடு ஒருமுறை கண்டது. 1969 மே 3ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் பதவியிலிருக்கும்போதே மறைந்தார். காங்கிரசுக் கட்சி நீலம் சஞ்சீவ ரெட்டியை வேட்பாளராக அறிவித்தது. அவருக்குத் துணை நின்ற மூத்த தலைவர்களில் நம் காமராசரும் ஒருவர். பிரதமர் இந்திரா காந்திக்கு இந்தத் தேர்வில் உடன்பாடில்லை. துணைக் குடியரசுத் தலைவராயிருந்து பொறுப்புத் தலைவராகவும் விளங்கிய வி.வி. கிரி, அப்பதவிகளை விட்டு விலகிச் சுயேச்சையாக நின்றார். அவரவர் மனச்சாட்சிப்படி வாக்களிக்கலாம் என்றார் பிரதமர். தி.மு.க.வும் கிரியை ஆதரித்தது. ஆகஸ்டு 16இல் வாக்குப்பதிவு. முதல் எண்ணிக்கையில் கிரிக்கு 4,01,515, ரெட்டிக்கு 3,13,548, தேஷ்முக்குக்கு 1,12,769. வெற்றிக்கு வேண்டிய பாதிக்கு மேற்பட்ட வாக்கு எவருக்கும் இல்லை. இரண்டாம் விருப்ப வாக்குகளைச் சேர்த்து எண்ணியபோது கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. வேறுபாடு 14,650 மட்டுமே! இத்தனை இழுபறியான தேர்தல் அந்தப் பதவிக்கு வேறு நடந்ததில்லை.

இந்த இருவரையும் குணம் என்ற தராசில் ஏற்றிப் பாருங்கள். கிரி தொழிற்சங்கத்தில் வளர்ந்தவர். இரயில்வேத் தொழிலாளரைத் திரட்டியவர். 1937 தேர்தலில், சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சராயிருந்த பொப்பிலி அரசரை அவருடைய சொந்த மண்ணிலேயே தோற்கடித்தவர். 1954இல் நேருவின் அமைச்சரவையில் தொழிலாளர் அமைச்சராயிருந்தபோது, வங்கி ஊழியர் ஊதியம் பற்றிய தீர்ப்பை அரசு மாற்றியதை ஏற்காமல் பதவியைத் தூக்கி எறிந்தவர். தொழிலாளர் நகரமாகிய நம் நெய்வேலியில் இப்படிப்பட்டவருக்குக் கைதட்ட ஆள் சேர்ப்பது கடினமா? சரி, ரெட்டி மட்டும் குறைந்தவரா? ஆந்திர முதலமைச்சராயிருந்தபோது, பேருந்துத் தடங்களை அரசுடைமையாக்கிய வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன கருத்து தம்மைத் தொடுகிறது என்று 1964இல் அவரும் பதவி விலகினார். ஆக, இரண்டு வேட்பாளரும் நாற்காலியைத் துறந்து காட்டியவர்களே. குணம் என்றால் துறவு என்று கொண்டால் இருவரும் தேறிவிடுகின்றனர்.

வெற்றி பெற்ற கிரி என்ன செய்தார்? 1970இல் உத்தரப் பிரதேசத்தில் சரண்சிங் ஆட்சியை அகற்றிக் குடியரசுத் தலைவர் ஆட்சி கொண்டுவர மத்திய அமைச்சரவை முடிவு செய்தது. கிரி அப்போது சோவியத் நாட்டில் சுற்றுப்பயணத்தில் இருந்தார். தாள் கீவ் நகருக்கு விமானத்தில் போயிற்று. அங்கேயே கையெழுத்திட்டார். பதினெட்டு நாள்கூட ஆகவில்லை, அம்மாநிலத்தில் வேறோர் அமைச்சரவை வந்துவிட்டது. அப்படியானால் என்ன அவசரம்? அவர் நாடு திரும்பும்வரை அந்தத் தாள் காத்திருக்க முடியாதா? தொழிலாளருக்காகப் பிரதமர் நேருவிடம் மறுத்துப் பேசிய அதே மனிதர், தம்மை 14,650 வாக்கில் கரையேற்றிய பிரதமரிடம் மறுத்துப் பேசவில்லை. இதைப் படித்தபோது, நன்றிக்கடன்தான் அவர் கையைக் கட்டியது என்று எளிதாக முடிவுகட்டினேன். 1975 ஜூன் 25 இரவு, நெருக்கடி நிலை ஆணையில் கையெழுத்திட்ட பக்ருதீன் அலி அகமதுவுக்கும் இதே விளக்கம் பொருந்துவதாகத் தோன்றிற்று.

ஆனால் மாஸ்கோ அந்த விளக்கத்தை உடைத்துவிட்டது. (நம் நகரியத்தின் முதல் அனல் மின்நிலையத்தைக் கட்ட உதவிய நாட்டில்தான் இந்த இரண்டு கையெழுத்துகளும் விழுந்திருக்கின்றன. பழைய ஆட்கள் இன்றும் ரஷ்யப் பொறியாளர்களை அன்போடு நினைவுகூர்கிறார்கள். இது வெறும் தற்செயல்தான் என்றாலும் எனக்கு என்னவோ போலிருந்தது.)

2002 தேர்தலை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் கலாம். மறுபக்கம் இலட்சுமி சாகல். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, நேதாஜியின் படையில் ஜான்சி ராணிப் பிரிவுக்குத் தலைமை தாங்கி, பின்னர் கான்பூரில் ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்தவர். இடதுசாரிகள் தங்கள் கொள்கையைச் சொல்லவே அவரை நிறுத்தினர். குணத்தில் ஒருவருக்கொருவர் இளைத்தவர் அல்லர். கலாமுக்கு 9,22,884. சாகலுக்கு 1,07,366. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்று பெரும்பாலோர் கலாமையே ஆதரித்தனர். கட்சிக் கணக்கு ஒருபுறம் இருக்க, அவருடைய கவர்ச்சி அத்தகையது. பள்ளிப் பிள்ளைகளைக் கண்டால் உரைநிகழ்த்தும் தாளை மடித்து வைத்துவிட்டுக் கேள்வி கேட்கச் சொல்பவரை யாருக்குத்தான் பிடிக்காது?

2005 பிப்ரவரியில் பீகாரில் தேர்தல் நடந்து எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை கிட்டவில்லை. மே 22 இரவு, ஆளுநர் பூட்டா சிங்கின் அறிக்கையை ஏற்று, அந்தச் சட்டமன்றத்தைக் கலைக்கலாம் என்று மத்திய அமைச்சரவை முடிவு செய்தது. ஒருமுறைகூடக் கூடாத சட்டமன்றம் அது. கலாம் மாஸ்கோவில் இருந்தார். தாள் போயிற்று, கையெழுத்து வந்தது. உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு அக்டோபரில், அந்தக் கலைப்பு அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. இங்கே நன்றிக்கடன் எங்கே இருக்கிறது? கலாமை முன்மொழிந்தது வாஜ்பாய் அரசு. கையெழுத்துக் கேட்டது மன்மோகன்சிங் அரசு. கடன்படாதவர்; கறைபடாதவர். ஆயினும் கையெழுத்து விழுந்தது. தீர்ப்புக்குப் பின் பதவி விலக முடிவு செய்து கடிதமும் எழுதிவைத்ததாகவும், பிரதமர் வேண்டிக்கொண்டதால் அதை விட்டுவிட்டதாகவும் பின்னாளில் அவரே தம் நூலில் எழுதினார். அந்த நேர்மைக்காக இன்னும் ஒருமுறை அவரை வணங்கலாம். 2006இல் ஆதாயம் தரும் பதவிகள் பற்றிய மசோதாவை அவர் நாடாளுமன்றத்துக்குத் திருப்பி அனுப்பினார் என்பதையும் மறைக்கக் கூடாது. எனினும் அந்த மே மாத இரவில் நம் கலாமிடம் இல்லாமற்போனது எது?

விடையை, எங்கள் அணியில் எவரும் பெயர்கூடச் சொல்லாத ஒரு மனிதரிடம் கண்டேன். கே.ஆர். நாராயணன். கேரளத்தில் உழவூர் என்ற சிற்றூரில் தாழ்த்தப்பட்ட வகுப்பில், வறுமையில் பிறந்தவர். வெளியுறவுத் துறையில் தூதர், பிறகு மத்திய அமைச்சர், துணைக் குடியரசுத் தலைவர். 1997இல் அவரை எதிர்த்து நின்றவர் டி.என். சேஷன். தேர்தல் ஆணையராக இருந்து அரசியல்வாதிகளை நடுங்க வைத்தவர் என்று பேர் வாங்கியவர். அக்காலத்தில் அவர் பெயரை அறியாத வீடே இல்லை எனலாம். வாக்குப் பெட்டி திறந்தபோது நாராயணனுக்கு 9,56,290. சேஷனுக்கு 50,631. மக்கள் நேரே வாக்களித்திருந்தால் இந்தக் கணக்கு வேறாக இருந்திருக்கும் என்பது என் துணிபு. நானே அன்று வாக்காளனாக இருந்திருந்தால் சேஷனுக்குத்தான் போட்டிருப்பேன்!

பதவியேற்று மூன்று மாதம்கூட ஆகவில்லை. 1997 அக்டோபரில் குஜ்ரால் அமைச்சரவை, உத்தரப் பிரதேசத்தில் கல்யாண்சிங் ஆட்சியை அகற்றப் பரிந்துரைத்தது. நாராயணன் திருப்பி அனுப்பினார். அமைச்சரவை கைவிட்டது. 1998 செப்டம்பரில் வாஜ்பாய் அமைச்சரவை, பீகாரில் ராப்ரி தேவி ஆட்சியை அகற்றப் பரிந்துரைத்தது. அதையும் திருப்பினார். முதல் தாளால் பிழைத்தது பாரதிய ஜனதா ஆட்சி. இரண்டாம் தாளால் பிழைத்தது அதன் எதிர்க்கட்சி ஆட்சி. 1999 பிப்ரவரியில் பீகார்ப் பரிந்துரை மறுபடி வந்தபோது சட்டப்படி கையெழுத்திட்டார். மாநிலங்களவையில் பெரும்பான்மை கிட்டாது என்று தெரிந்ததும் அரசே மார்ச்சு மாதத்தில் அதைத் திரும்பப் பெற்றது. அவர் முதலில் எழுப்பிய ஐயம் வீண் போகவில்லை.

ஐயம் என்ற சொல்லை எழுதியதும் என் தந்தையார் நினைவு வருகிறது. அவர் பல ஆண்டுகள் மின்நிலையத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. ஓர் எந்திரத்தில் கை வைக்குமுன் மின்சாரத்தை நிறுத்தி, பூட்டி, அட்டை மாட்டி, பொறுப்பு அதிகாரி ‘பெர்மிட்’டில் கையெழுத்துப் போட வேண்டும். சிரித்த முகமாய், கேட்டவுடன் போட்டுத் தரும் அதிகாரி எல்லோருக்கும் வேண்டியவர். இன்னொருவர் இருப்பார். எதை நிறுத்தினாய், யார் போய்ப் பார்த்தது, சாவி யாரிடம் என்று கேட்டுக்கேட்டு அரைமணி நேரம் நிற்க வைப்பார். கூட இருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். அப்பா ஒருநாள் சொன்னார்: “அந்த ஆளு ஷிப்டுன்னா உங்கம்மா நிம்மதியா தூங்குவா.” முதலாமவர் கெட்டவர் அல்லர்; கையூட்டு வாங்குபவரும் அல்லர். பிறரைத் தம்மைப் போலவே நல்லவர் என்று நம்புகிறவர். நள்ளிரவில் வரும் தாளை நம்புவதும் அப்படிப்பட்ட ஒரு நல்ல குணந்தான். அந்த நாற்காலிக்கு அது போதாது.

நம் முன்னோர் இதை ஓரளவு உணர்ந்திருந்தனர். உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைப் பற்றிப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். முதற் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் வெட்டப்பட்டவை. பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். அந்தச் சிறுவனிடம் எந்த வேட்பாளரின் கவர்ச்சியும் செல்லாது! வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய உறவினரும் குடத்துக்குள் வர முடியாது. ஒருவன் நல்லவனா என்று ஊர்ப்பேச்சைக் கேட்கவில்லை; முன்பு வகித்த பொறுப்பின் கணக்கைக் கேட்டார்கள். வயது 35க்குமேல் 70க்குள் என்கிறது இரண்டாம் கல்வெட்டு. நம் அரசமைப்பிலும் குடியரசுத் தலைவருக்குக் கீழ்வயது 35தான். ஆனால் பெருமை பேசும் நண்பர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். சொந்த நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் இருந்தால்தான் ஓலையில் பெயர் ஏறும். என் பாட்டனாரின் பாட்டனார் அந்த ஊரில் இருந்திருந்தால், குடத்தைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கலாம்.

முன்கணக்கைப் பார்த்தால் மட்டும் போதுமா என்றால், ஜெயில்சிங் அவர்கள் நம்மைத் திகைக்க வைக்கிறார். 1982இல் வேட்பாளரானபோது, தலைவி சொன்னால் துடைப்பத்தையும் எடுப்பேன் என்ற பொருளில் அவர் பேசியதை நாடே எள்ளி நகையாடிற்று. அவர்தான், மக்களின் கடிதங்களைப் பிரித்துப் பார்க்க அரசுக்கு இடமளித்த அஞ்சல் மசோதா இரு அவைகளிலும் நிறைவேறி வந்தபோது, கையெழுத்தும் இடாமல், திருப்பியும் அனுப்பாமல் வைத்துக்கொண்டார். அது சட்டமாகவே இல்லை. அதற்குள் பிரதமர் இராஜீவ் காந்திக்கும் அவருக்கும் உறவு கசந்திருந்தது என்பதும் உண்மை. கசப்பினால் வந்த துணிவா, உள்ளிருந்த துணிவா? எப்படியிருப்பினும் நம் கடிதங்கள் பிழைத்தன. இதற்கு மாறாக, அரசமைப்பைக் கரைத்துக் குடித்தவரும் நம் தஞ்சை மண்ணின் மைந்தருமான ஆர். வெங்கட்ராமன், 1991 சனவரி 30இல் நம் மாநில ஆட்சியைக் கலைக்கும் ஆணையில் கையெழுத்திட்டார். ஆளுநர் பர்னாலா அதற்கான அறிக்கை தர மறுத்துவிட்டார். ஆளுநர் அறிக்கை இல்லாமலும் கலைக்கலாம் என்று அரசமைப்பில் இருக்கும் ஒரு சொற்றொடர் கைகொடுத்தது. பர்னாலா பீகாருக்கு மாற்றப்பட்டார். போகாமல் பதவி விலகினார். அறிவு ஒரு பக்கம் இருந்தது. ‘இல்லை’ என்ற சொல் வேறொரு மனிதரிடமிருந்து வந்தது.

திருக்குறளில் ‘தெரிந்து தெளிதல்’ என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. அதை மனப்பாடப் பகுதியாகப் படித்து மதிப்பெண் வாங்கியவன்தான் நான். ஆயினும் மேடையில் எளிமை, ஏழ்மை, தூய்மை மூன்றையும் அடுக்கி அதற்குக் குணம் என்று பெயர் வைத்துவிட்டேன். பேராசிரியர் அவர்களே, இன்று கேட்டால் வேறு விதமாகச் சொல்வேன். வேட்பாளர் எத்தனை சட்டை வைத்திருக்கிறார் என்பதைவிட, அவர் அமைச்சராகவோ ஆளுநராகவோ இருந்த காலத்தில் எந்தத் தாளை நிறுத்தி வைத்தார், யாரிடம் என்ன கேட்டார் என்பதே எனக்கு முதலில் வேண்டும். கேள்வி கேட்கத் தெரிவதையும் குணத்தில்தான் சேர்ப்பேன். கவர்ச்சியை இரண்டாம் இடத்தில் வைக்கிறேன். ஒரு தாளைத் திருப்பி அனுப்புகிறவர் பின்னால் மக்கள் நிற்க வேண்டுமென்றால் அதுவும் வேண்டியதே. கலாம் மாஸ்கோவிலிருந்து அதைத் திருப்பியிருந்தால், அவர் பின்னால் நின்றிருக்கும் கூட்டம் நாராயணனுக்குக்கூட வாய்த்திருக்காது. அதை நினைக்கும்போதுதான் வருத்தமாக இருக்கிறது.

என் அறைச் சுவரில் கலாம் படம் இன்னும் இருக்கிறது. எடுக்க மனமில்லை, எடுக்க வேண்டியதும் இல்லை. பக்கத்தில் நாராயணன் படமும் ஒன்று மாட்டலாமே என்று மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் மூன்று கடைகளில் கேட்டேன். காந்தி, அம்பேத்கர், காமராசர், கலாம் எல்லாம் மூன்று அளவுகளில் இருந்தன. மூன்றாவது கடைக்காரர் சற்று யோசித்து, “கதை எழுதுவாரே, அவரா தம்பி?” என்றார்.